இந்த வீட்டில் இன்னும் முப்பதாம் தேதி

வாங்க தம்பி, வாங்க. எதுக்கு வந்திருக்கீங்கன்னு சொல்லவே வேணாம், கையில கட்டிங் பிளேயரைப் பார்த்தாலே தெரியுது. அதை அப்படியே மீட்டர் பெட்டி மேல வச்சிட்டு உள்ள வந்து உட்காருங்க. பிடுங்கத்தான் போறீங்க, நான் வேணாங்கல. பியூஸ் எங்கயும் ஓடிடாது. இந்த வீடு கட்டின நாள்லேர்ந்து அது அதே இடத்துலதான் இருக்கு.

ஃபேனுக்கு நேரா உட்காருங்க. இருக்கிற வரைக்கும் அனுபவிச்சுக்கலாம்.

எங்க மாடியில குடியிருக்கிற சார் கரண்ட் பில்லு கட்டப் போயிருக்காரு, மாடி சார்னுதான் சொல்லுவோம். நீங்க தெருமுனையில எதிர் வீட்டுக்காரங்ககிட்ட விலாசம் கேட்டுக்கிட்டு இருந்தீங்க பாருங்க, அப்பவே எங்க வீட்டு அட்டையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டாரு. கவுண்டர்ல கூட்டம் இல்லன்னா இந்தான்னு வந்திடுவாரு. இருந்தா கொஞ்சம் ஆகும். நடுவுல பழைய ஆபீஸ்காரங்க யாரையாவது பார்த்துட்டாருன்னா எனக்கே தெரியாது. ஆனா ரசீதோட வருவாரு, அதுல சந்தேகமில்ல.

எதுக்கு இவ்வளவு கெஞ்சறேன்னு கேப்பீங்க. நான் கெஞ்சல, சொல்றேன். இன்னிக்கு என் மகன் வர்றான் புனேலேர்ந்து. தினகர்னு பேரு. பிளேன் இறங்கியாச்சாம், கார் புக் பண்றேன்னு இப்பதான் போன் பண்ணான். வாசப்படி ஏறினதும் முதல் வேலையா ஃபேன் சுவிட்சைத் தட்டுவான். சின்ன வயசுலேர்ந்தே அவனுக்கு வேர்வை ஜாஸ்தி. ஃபேன் சுத்தலன்னா முடிஞ்சுது என் கதை. "அம்மா, பில்லு வரியெல்லாம் ஒழுங்கா கட்டிக்கிட்டுத் தனியா இருக்க முடியும்னா இரு. ஒண்ணு தவறினாலும் வீட்டைப் பூட்டிட்டு உன்னைப் புனேக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்"னு போன்ல சட்டம் போட்டிருக்கான். அவன் அப்படியே அவங்கப்பா. சொன்னா செய்வான்.

புனேல என்ன குறைச்சல்னு கேக்காதீங்க. ஒரு குறைச்சலும் இல்ல. பதினோராவது மாடி, லிஃப்ட்டு, ஜன்னல்ல பார்த்தா எதிர்ல இன்னொரு பதினோராவது மாடி. அங்க பக்கத்து வீட்டு அம்மாகிட்ட நான் இந்தியில பேசக் கத்துக்கறதுக்குள்ள என் காலம் முடிஞ்சிடும்.

காபி கலக்கட்டுமா? சும்மா இருங்க, டிகாக்‌ஷன் இருக்கு. மாடி சாருக்குப் போட்டது.

போன்ல கட்டலாமேன்னா? நல்லாச் சொன்னீங்க. தினா எனக்கு ஒரு போன் வாங்கிக் குடுத்து எல்லாம் போட்டுத்தான் வச்சிருக்கான். ஆனா அதுல நான் ஒரு ரூபா கட்டினாலும் அவனுக்கு மெசேஜ் போயிடும். "கெடு தாண்டி கட்டியிருக்கியே"ன்னு கார்லேர்ந்தே கத்துவான். நீங்க உங்க போன்ல கட்டறதும் வேணாம் தம்பி, பிடுங்க வந்தவரே கட்டிட்டுப் போனார்னா தெருவுல சிரிப்பாங்க. உங்க இ.பி. மெசேஜா? அது வருது, வராம இல்ல. எங்க வீட்டுக்காரர் நம்பருக்கு வருது. அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆச்சு. அவர் எங்கேர்ந்து படிச்சு எனக்குச் சொல்றது?

அவர் இருந்தா இந்தப் பேச்சே இல்ல. ரயில் பெட்டி ஃபேக்டரியில ஃபோர்மேனா இருந்தாரு. ரீடிங் எடுத்த அன்னிக்கே போய்க் கட்டிட்டு வந்துதான் தட்டுல கை வைப்பாரு. எல்லாத்துலயும் முந்திக்கணும் அவருக்கு. ரிடையர் ஆக இன்னும் நாள் இருக்கும்போதே முந்திக்கிட்டுப் போயிட்டாரு. அந்த ஒண்ணுல மட்டும் கொஞ்சம் தாமதமா போயிருக்கலாம். சரி, விடுங்க.

அவர்கிட்ட இருந்து வந்த பழக்கம், நானும் தேதி விஷயத்துல ரொம்பக் கறார். யாரை வேணா கேட்டுப் பாருங்க, அயனாவரத்துல சுலோசனாம்மா கறார்னா கறார்தான். இப்ப பில்லு தவறினதுக்கு நான் காரணமில்ல. எல்லாம் மாடி சார் வேலை. சொல்றேன் கேளுங்க, காபி ஆறட்டும்.

மாடி சார் பேரு ஆளவந்தார். சட்டசபைச் செயலகத்துல ஆபீசரா இருந்து ரிடையர் ஆனவரு. சம்சாரம் தவறிட்டாங்க, பிள்ளைகுட்டி கிடையாது. எங்க வீட்டுக்காரர் போன மறு வருஷம் மாடிக்குக் குடி வந்தாரு. மாசம் அஞ்சாம் தேதிக்குள்ள வாடகை வந்திடணும்னு முதல் நாளே கறாராச் சொல்லிட்டேன். "அப்படியே ஆகட்டும் அம்மா"ன்னாரு. எவ்வளவு பதவிசா தலையாட்டினார்ங்கறீங்க.

பென்ஷன் மாசக் கடைசியிலயே வந்திடுது. கையில காசு இருக்கு. குடுத்துட்டுப் போக வேண்டியதுதானே? மாட்டாரு. முதல் தேதி இறங்கி வந்து, "அம்மா, வாடகை மசோதா இன்னிக்கு அறிமுகம்"பாரு. வெறும் கையோட வந்து அதைச் சொல்லிட்டு, ஒரு காபி குடிச்சிட்டு மேல போயிடுவாரு. ரெண்டு நாள் கழிச்சு மறுபடி வருவாரு. அன்னிக்கு விவாதமாம். தண்ணித் தொட்டி ஒழுகுது, மாடிப்படி பல்பு ஃப்யூஸ் போச்சு, பக்கத்து வீட்டுப் பூனை இவர் பால் பாக்கெட்டைக் கிழிச்சிடுச்சு, இப்படி ஒவ்வொண்ணா பேசி, அதுக்கு ஒரு காபி. அஞ்சாம் தேதி சாயங்காலம்தான் சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுக்கிட்டு வந்து, கவர்ல வச்சுப் பணத்தைக் குடுத்து, "ஏகமனதாக நிறைவேறியது"ன்னுட்டு உட்காருவாரு. அன்னிக்கு அடை.

நான் அவருக்காகப் போடல தம்பி. மாவு மீந்து போகும், அதான்.

எங்க வீட்டு அடைன்னா நீங்க சாப்பிட்டுப் பார்க்கணும். இட்லி அரிசி ஒரு பங்கு, கடலைப்பருப்பு, துவரம்பருப்பு சேர்ந்து ஒரு பங்கு, உளுந்து ஒரு கை. நைசா அரைக்கக் கூடாது, அதான் எல்லாரும் பண்ற தப்பு. கொரகொரன்னு இருக்கணும். காஞ்ச மிளகா, பெருங்காயம், மிளகு நாலு. முருங்கைக்கீரையை நறுக்கக் கூடாது, உருவி அப்படியே போடணும். கல்லுல கையாலயே தட்டி, நடுவுல ஒரு ஓட்டை போட்டு, அந்த ஓட்டையில எண்ணெய் விட்டு, சிறு தீயில, அவசரப்படாம... என்ன மணியைப் பார்க்கறீங்க? சுவத்துக் கடிகாரம் ஓடாது, உங்க கையில இருக்கிறதைப் பாருங்க. அது ஏன் ஓடலங்கறதுக்குத்தான் வந்துக்கிட்டே இருக்கேன்.

போன வருஷக் கடைசியில தினா ஒரு பில்டரைக் கூட்டிட்டு வந்தான். பழைய வீட்டை இடிச்சிட்டு அடுக்குமாடி கட்டறாங்களாம், எனக்கு நாலாவது மாடியில ஒரு ஃபிளாட்டாம். பால்கனி உண்டு, துளசித் தொட்டி வைக்கலாம்னான் அந்தப் பில்டர். சென்ட் வாசனைன்னா வாசனை, அவன் போனப்புறமும் ரெண்டு நாள் இந்த ஹால்ல அவன் இருந்தான். எனக்கு ரொம்ப ஆசையாத்தான் இருந்துச்சு. ஆசை இல்லன்னு யாரும் சொல்லிடக் கூடாது. என்ன, அந்த பால்கனியில துளசித் தொட்டி வச்சா நான் நிக்க முடியாது, நான் நின்னா தொட்டி வைக்க முடியாது. கிணத்தை மூடணும். கிணத்தடியில எங்க வீட்டுக்காரர் வச்ச எலுமிச்சையை வெட்டணும். மத்தபடி எனக்குப் பூரண சம்மதம்.

ஒரே ஒரு நிபந்தனை, ஜூன் முப்பதுக்குள்ள மாடி காலியாகணும். காலியான வீட்டுலதான் கையெழுத்து போடுவோம், ஒரு நாள் தாண்டினாலும் வேற இடம் பார்த்துக்குவோம்னுட்டான் பில்டர்.

நானும் ஆளவந்தார் சார்கிட்ட கறாராச் சொல்லிட்டேன். பொங்கல் வரைக்கும் டைம்னேன். பொங்கல் வந்ததும், பனியில எங்க போய் வீடு தேடுவாரு, மாசி வரைக்கும் இருக்கட்டும்னு நீட்டினேன். மாசியில அவருக்கு முட்டி வலி. பங்குனியில புது வீட்டுக்குப் போகக் கூடாது. சித்திரையில வெயில். தம்பி, வெயில்ல வயசானவரை அலைய விட்டா பாவமில்லையா? இதுல கறார் என்ன, கறார் இல்லாம என்ன.

கடைசியில, இவரை நம்பினா ஆகாது, நாமே கூடப் போய் ஒரு வீட்டைப் பிடிச்சுக் குடுத்துடுவோம்னு நானே கிளம்பினேன். வில்லிவாக்கத்துல ஒரு வீடு, நல்ல வீடுதான், ஆனா படி செங்குத்தா இருந்துச்சு. அவர் முட்டிக்கு ஆகாது. வேணாம்னுட்டேன். ஓட்டேரியில ஒண்ணு, கிழக்குப் பக்கம் ஜன்னலே இல்ல. காலையில வெயில் முகத்துல பட்டாத்தான் அவருக்கு முழிப்பு வரும். வேணாம்னுட்டேன். பெரம்பூர்ல ஒரு வீட்டம்மா, "தனி ஆம்பளைக்குக் குடுக்கறதில்ல"ன்னாங்க. அவங்ககிட்ட நான் போட்ட சண்டையில அந்தத் தெருவே கூடிடுச்சு. "இவரை மாதிரி ஒரு மனுஷன் குடியிருக்க நீ குடுத்து வச்சிருக்கணும்"னேன். அவர் பின்னாடியே நின்னுக்கிட்டு, "அம்மா, சபைக் குறிப்பிலேர்ந்து அதை நீக்கிடுங்க"ன்னு என் முந்தானையைப் பார்த்துச் சொல்லிக்கிட்டே இருந்தாரு.

இப்படி அவருக்கு எந்த வீடும் அமையல. என்ன பண்றது, அவர் ராசி அப்படி.

யாரு தம்பி போன்ல? உங்க இன்ஜினியர் ஏ.இ.யா? "ஸ்பாட்லதான் சார் இருக்கேன்"னு சொல்லுங்க. பொய் இல்லையே. சொல்லிட்டீங்களா? நல்லது. இன்னும் ஒரு டம்ளர் ஊத்தறேன்.

ஜூன் முப்பது வந்துடுச்சு. செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் விளக்கேத்திட்டு இருக்கேன், சார் இறங்கி வர்றாரு. வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. அஞ்சாம் தேதி இல்லையே, எதுக்கு இஸ்திரின்னு விளக்கை விட்டுட்டுத் திரும்பினேன். "அம்மா, கெடு இன்னியோட முடியுது. சாமானெல்லாம் கட்டிட்டேன். நாளைக்குக் காலையில ஒரு லாட்ஜுல ரூம் எடுத்துக்கறேன். உங்க கையெழுத்துக்கு நான் குறுக்க நிக்க மாட்டேன்"னாரு.

லாட்ஜாம்! எனக்கு வந்துது பாருங்க கோபம். இந்த வயசுல, எண்ணெய்ப் பலகாரத்தைத் தின்னுக்கிட்டு, மூட்டைப்பூச்சி மெத்தையில! "சும்மா இருங்க சார். அத்தனை வருஷம் சட்டசபையில இருந்தீங்களே, கெடு முடியற அன்னிக்கு வேலை முடியலன்னா அங்க என்ன பண்ணுவாங்க? ஏதாவது வழி வச்சிருப்பாங்கல்ல?"ன்னு கேட்டேன்.

அவர் உட்கார்ந்தாரு. அந்தப் பேச்சுன்னா அவருக்கு முட்டி வலிகூட மறந்திடும். "நம்ம ஊர்ல சபை கலைஞ்சா, நிறைவேறாம நிக்கிற மசோதா காலாவதி ஆயிடும். எவ்வளவு நல்ல மசோதாவா இருந்தாலும் சரி, மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். ஆனா வெளிநாட்டுல சில சட்டசபையில ஒரு தந்திரம் உண்டு. ராத்திரி பன்னெண்டு மணிக்குக் கெடுன்னா, பன்னெண்டு அடிக்கறதுக்கு முன்னாடி சுவத்துக் கடிகாரத்தை நிறுத்திடுவாங்க. கடிகாரம் ஓடலன்னா அந்த நாள் முடியல. நாள் முடியலன்னா கெடு தாண்டல. விடியற வரைக்கும் உட்கார்ந்து வேலையை முடிச்சிட்டு, அப்புறம் ஓட விடுவாங்க"ன்னாரு.

சும்மாதான் சொன்னாரு. சொல்லிட்டு என்னைப் பார்த்தாரு. நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

அவர் ஸ்டூல்ல ஏறினா விழுந்து வைப்பாரு. அதனால நானே ஏறி பேட்டரியைக் கழட்டினேன். அதோ, விளக்கு மாடத்துல இருக்கு பாருங்க. கடிகாரம் ஆறு மணி இருபது நிமிஷத்துல நிக்குது. "கடிகாரம் நின்னா போதுமா அம்மா, காலையில நீங்க காலண்டர் கிழிச்சா தேதி வந்திடுமே"ன்னு அவர்தான் சொன்னாரு. அதுவும் நியாயம்தானே? கிழிக்கல. ராமர் பட்டாபிஷேகத்துக்குக் கீழ பாருங்க, முப்பது, செவ்வாய். அன்னிக்குக் கிழிக்காத காலண்டர், இன்னும் அப்படியே இருக்கு. அன்னிக்கு ராத்திரி அவரோட மூட்டை முடிச்செல்லாம் மறுபடி அவுத்தாச்சு. அடையும் போட்டேன், முப்பதாம் தேதிங்கறதால.

இப்ப சொல்லுங்க, எல்லாம் அவர் வேலையா இல்லையா?

மறுநாள் பில்டர் பேனாவோட வந்து நிக்கறான். "மாடி காலியாகலையே"ங்கறான். "கெடு இன்னும் இருக்கே"ன்னு காலண்டரைக் காட்டினேன். போனை எடுத்து ஒண்ணாம் தேதின்னு நீட்டறான். "உன் போன்ல என்ன வேணா காட்டும்பா, என் வீட்டுல முப்பது"ன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, வெளிய போய் தினாகூட பேசிட்டு, அப்படியே பின்னாடி தெருவுல வேற வீட்டைப் பேசி முடிச்சிட்டான். போச்சு. என் நாலாவது மாடி போச்சு, பால்கனி போச்சு. யாரால? இந்த மனுஷனால. அந்த வயித்தெரிச்சல்ல அன்னிக்கு நான் பாயசம் வச்சுக் குடிச்சேன்னா பாருங்களேன்.

தினா போன்ல குதிச்ச குதி இருக்கே! அப்பதான் அந்தச் சட்டம் போட்டான். ஒரு பில்லு தவறினாலும் புனேன்னு.

பில்டர் போனப்புறமாவது காலண்டரைக் கிழிச்சிருக்கலாமேன்னா... கிழிச்சிருக்கலாம். காலையில போய் நிப்பேன், கை வராது. கிழிச்சா ஒண்ணாம் தேதி. ஒண்ணாம் தேதின்னா அவர் குடுத்த வாக்கு. அவர் வாக்குத் தவறாத மனுஷன், மறுபடி மூட்டையைக் கட்டிடுவாரு. எதுக்கு வம்புன்னு அப்படியே விட்டுட்டேன். அதுல தேதி எனக்குத் தெரியவே இல்ல தம்பி. பேப்பர் அவர் படிச்சிட்டுத் தர்றது, அதுவும் முந்தாநாள் பேப்பர். கிருத்திகை விரதமே எனக்குத் தவறிப்போச்சு. முருகன் ஒண்ணும் சொல்லல. அவர் ஆள் அனுப்பி பியூஸைப் பிடுங்கல.

சிரிங்க, சிரிங்க. சிரிச்சா நல்லாத்தான் இருக்கீங்க.

நடுவுல சார் கேட்டாரு. மாடிக்குத் தனி மீட்டர், அவர் பில்லைக் கட்டப் போகும்போது எப்பவும் என் அட்டையையும் எடுத்துட்டுப் போவாரு. "அட்டை குடுங்க அம்மா, இன்னிக்குக் கடைசி நாள்"னாரு. நான் காலண்டரைத் திரும்பிப் பார்த்துட்டு, "முப்பதுதானே சார் ஆகுது, இன்னும் நாள் கிடக்கு"ன்னேன். நான் கேலி பண்றேன்னு அவர் நினைச்சிக்கிட்டாரு. கட்டியிருப்பாங்க போலன்னு சிரிச்சிக்கிட்டே போயிட்டாரு. நானும் சத்தியமா முப்பதுன்னுதான் நினைச்சிக்கிட்டு இருந்தேன். பொய்யைத் தினம் பார்த்தா நிஜமாத்தான் தெரியுது.

எங்க எழுந்துட்டீங்க? இருங்க தம்பி, இன்னும் ரெண்டு நிமிஷம். மத்த வீட்டுக்குப் போகணும், சரி. அந்த வீட்டுக்காரங்களும் இந்நேரம் கட்டிக்கிட்டுதான் இருப்பாங்க, நீங்க தாமதமாப் போனா அவங்களுக்கும் புண்ணியம். வேற எதாவது சொல்லட்டுமா? வத்தக்குழம்பு எப்படி வைக்கணும்னு சொல்லவா?

ஏன் அப்படிப் பார்க்கறீங்க? கண்டுபிடிச்சிட்டீங்களா? சரி, மறைப்பானேன். சார்தான் போகும்போது சொல்லிட்டுப் போனாரு. சில நாட்டுச் சபையில ஒரு தீர்மானம் பிடிக்கலன்னா, ஒரு உறுப்பினர் எழுந்து பேச ஆரம்பிப்பாராம். உட்காரவே மாட்டாராம். அவர் பேசற வரைக்கும் வாக்கெடுப்பு கிடையாதாம். சொல்ல ஒண்ணும் இல்லன்னா சமையல் குறிப்புகூட வாசிப்பாராம். "லைன்மேன் வந்தா வாக்கெடுப்புக்கு விட்டுடாதீங்க அம்மா, பேசிக்கிட்டே இருங்க, உங்களால முடியும்"னாரு. "உங்களால முடியும்"ங்கறதை எந்த அர்த்தத்துல சொன்னாருன்னு அவர் வந்ததும் கேக்கணும்.

ஆனா நான் சொன்னது அத்தனையும் நிஜம் தம்பி. அடைக்கு முருங்கைக்கீரையை நறுக்கக் கூடாதுங்கறது உள்பட.

இருங்க... செருப்புச் சத்தம். அவர்தான். இடது கால் கொஞ்சம் தேய்க்கும், கேளுங்க. நான் சொல்லல?

வாங்க சார். ரசீதா? அதை இந்தத் தம்பிகிட்ட குடுங்க. பாருங்க தம்பி, நல்லாப் பாருங்க. அபராதத்தோட சேர்த்துக் கட்டியாச்சா? சரியா இருக்கா? அப்பாடா. இவர் தங்கமான பிள்ளை சார், ஏ.இ. போன் பண்ணிக்கூட எழுந்திருக்கல. தம்பி, அடுத்த தடவை வந்தா அடை சாப்பிட்டுட்டுத்தான் போகணும், என்ன.

என்ன சார் வாசல்லயே நிக்கறீங்க? இவ்வளவு நேரம் எங்க? யாரைப் பார்த்தீங்க? புரோக்கரையா? எதுக்கு?

கொளத்தூர்லயா? எப்ப போய்ப் பார்த்தீங்க? இப்பவேவா?

கீழ் வீடா. படி இல்ல. சரி. ஜன்னல்? கிழக்கு. தண்ணி? அதுவும் வருதா. தனி ஆளுக்குக் குடுப்பாங்களாமா? ஓ. வீட்டுக்காரரே ரிடையர் ஆன ஆசிரியரா. பேச்சுத் துணையா. நல்லது. ரொம்ப நல்லது.

எனக்காகவா? "உங்க பிள்ளை வந்து என்னால உங்ககூடச் சண்டை போட வேணாம்"னா? நான் கேட்டேனா சார்? நான் உங்களை வீடு பார்க்கச் சொன்னேனா? சரி, சொன்னேன். எட்டு மாசமா சொன்னேன். அதுக்காக நிஜமாவே பார்த்துடறதா?

தம்பி, போகாதீங்க, நில்லுங்க. அந்தக் கட்டிங் பிளேயரை எடுங்க. பியூஸைப் பிடுங்குங்க. நான் சொல்றேன், பிடுங்குங்க! ரசீதாவது ஒண்ணாவது. நாளையிலேர்ந்து இந்தப் படியில செருப்புச் சத்தம் கேக்கலன்னா நான் யாருக்கு டிகாக்‌ஷன் போட? எதுக்கு எனக்குக் கரண்ட்டு, எதுக்கு எனக்கு இந்த வீடு? நான் பேசாம புனேக்குப் போய் ஜன்னல்ல எதிர் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்துக்கறேன். கெடு வச்சது நான். அதை நீட்டினதும் நான். என்னைக் கேக்காம முடிச்சு வைக்க நீங்க யாரு?

என்ன? இன்னும் அட்வான்ஸ் குடுக்கலையா? அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?

கெடு குடுத்திருக்காங்களா? என்னிக்கு வரைக்கும்?

வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசிச்சுச் சொல்லணும். ம். சரி. உட்காருங்க சார். மூச்சு வாங்குது பாருங்க உங்களுக்கு, வெயில்ல கொளத்தூர் வரைக்கும் போயிட்டு... உட்காருங்க, காபி கலந்து எடுத்துட்டு வர்றேன். யோசிக்கலாம், மெதுவா யோசிக்கலாம். தம்பி, பியூஸ் இருக்கட்டும். ஏதோ கோபத்துல சொல்லிட்டேன். நீங்க கிளம்புங்க, பாவம், எத்தனை வீடு பாக்கி இருக்கோ.

வாசல்ல கார் சத்தம். தினாதான். வாடா கண்ணா, வா வா. இவர் இ.பி.காரர்டா, சும்மா மீட்டர் பார்க்க வந்தாரு. பையை அங்க வை. ஃபேன் சுவிட்சைப் போடேன், என்னமா சுத்துது பாரு! கடிகாரமா? அது ஓடும், பேட்டரி போட்டா ஓடும், இப்ப என்ன அவசரம்? சார், அவனுக்கும் சேர்த்துக் காபி கலந்துடறேன்...

டேய், டேய்! காலண்டர்ல கை வைக்காத! விடுடா அதை, கிழிக்காத!

கிழிச்சியோ, வெள்ளிக்கிழமை வந்திடும்!